வாயிலோனே தீர்ப்பெழுதினால்

மாணவர் விசா மறுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இருவகை அறிவுரைகள் வந்து விழும். 'அவர்கள் நாடு, அவர்கள் கதவு. திறப்பதும் அடைப்பதும் அவர்கள் விருப்பம்' என்பது ஒன்று. 'மேல்முறையீடாவது ஒன்றாவது, பணத்தைக் கட்டி மறுபடி விண்ணப்பித்துவிட்டுப் போ' என்பது மற்றொன்று. முதலாவது தத்துவம்போல் ஒலிக்கும். இரண்டாவது உலகியல் ஞானம்போல் ஒலிக்கும். இரண்டையும் நாங்கள் மறுக்கிறோம்.

எதை மறுக்கிறோம் என்பதை முதலிலேயே வரையறுத்துவிடுகிறோம். ஒரு நாடு அயலாரை உள்ளே விட மறுக்கலாம் என்பதில் எங்களுக்கு வழக்கில்லை. எல்லைகளே கூடாது என்னும் கட்சியும் எங்களுடையதன்று. நாங்கள் கேட்பவை இரண்டே. மறுப்பவர் தம் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அக்காரணம் பிழையாயின், அதை எடுத்துரைக்க, மறுத்தவரல்லாத வேறொருவர் முன் ஓர் இடம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத மறுப்பு, எவ்வளவு நாகரிகமான தாளில் அச்சிடப்பட்டிருந்தாலும், நீதியின் கணக்கில் சேராது.

இதை ஏற்காட்டிலிருந்து சொல்லத் தொடங்குவது பொருந்தும். வெள்ளையர் நாவில் 'ஷெவராய்' ஆகிவிட்ட சேர்வராயன் மலையில் இன்று நாம் காண்பவற்றுள் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தவர்களால் ஆனது. காப்பிப் பயிரை 1820களில் இங்கே கொண்டுவந்தவர் சேலத்தின் ஆட்சியராயிருந்த எம். டி. காக்பர்ன். தூய இருதயப் பள்ளி 1894இலும், மான்ஃபோர்ட் பள்ளி 1917இலும் தோன்றின. இரண்டும் ஐரோப்பியத் துறவியரின் முயற்சிகள். பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் வாழ்ந்ததும் இம்மலையில்தான். தமிழிலக்கிய ஆர்வலர்களாகிய எங்களுக்கு இவர்கள் எல்லாரினும் நெருக்கமானவர் அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல்.

பெர்சிவல் 1826இல் வெஸ்லியன் பாதிரியாராக யாழ்ப்பாணம் வந்தவர். அங்கே பள்ளி நடத்தியவர். தம் மாணவரான ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். பின்னர் சென்னைக்கு வந்து, 1855இல் 'தினவர்த்தமானி' என்னும் வார இதழைத் தொடங்கியவர். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயிருந்தவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சில் ஏற்றியவர். 1882இல் ஏற்காட்டிலேயே மறைந்தார். படிப்பு முடிந்ததும் திரும்பிப் போவாயா, உன்னைத் தாயகத்தோடு பிணைப்பது எது, வங்கியில் எவ்வளவு இருப்பு என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் தோற்றிருப்பார். வந்தவர் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் தம் வாழ்வையும் உழைப்பையும் இம்மண்ணிலேயே செலவிட்டார் என்பதுதான் வரலாறு.

அவர் வழியைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்த இன்னொருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 'தினவர்த்தமானி'யின் ஆசிரியப் பொறுப்பேற்கப் பெர்சிவலின் அழைப்பில் வந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிக் கொடுத்த கை அது. அவரும் கடல் கடந்துதான் வந்தார். எந்தச் சாளரத்தின் முன்னும் வரிசையில் நிற்கவில்லை.

இதைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். பெர்சிவல் தடையின்றி வந்தது, வந்த இடம் அவருடைய பேரரசின் உடைமையாயிருந்ததால். அதே பேரரசின் கப்பல்களில்தான் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாகத் தீவுதோறும் இறக்கப்பட்டனர். காப்பித் தோட்டங்கள் பெருகிய மலையில் முன்பே வாழ்ந்த மக்களிடம் எவரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. நாங்கள் சுட்ட விரும்புவது ஒன்றே: போவதும் தங்குவதும் கற்பதும் கற்பிப்பதும் ஆளுவோருக்கு இயல்பான செயல்களாயிருந்தன. அவற்றையே ஆளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் செய்ய முனையும்போது, அது ஐயத்துக்குரிய செயலாகிவிடுகிறது.

இன்றைக்கு வருவோம். சேர்வராயன் மலையூர் ஒன்றில் பிறந்த மலையாளிப் பழங்குடி மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். (இங்கே மலையாளி என்பது இம்மலைவாழ் தமிழ்ப் பழங்குடியினரின் பெயர், கேரளத்தாரைக் குறிப்பதன்று.) பழங்குடி மாணவர் அயல்நாட்டில் உயர்கல்வி பெற இந்திய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 20 பேருக்கு மட்டுமே. நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் இந்த 20. அதில் 3 இடங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்களுக்கு உரியவை. சாதிச் சான்றிதழ் தொடங்கி எத்தனையோ படிகளைக் கடந்து அவள் அந்த இருபதில் ஒருத்தியாகிவிட்டாள் என்றே கொள்வோம். பல்கலைக்கழகமும் இடம் தந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு அவள் மலையிறங்கி, சேலம் கடந்து, சென்னைக்குப் போய், ஒரு கண்ணாடிச் சாளரத்தின் முன் சில நிமிடங்கள் நிற்க வேண்டும்.

அந்தச் சாளரம் அமெரிக்காவினுடையதாயின், அங்கே ஆட்சி செய்வது 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு. மாணவராக வருகிறேன் என்பவரை, குடியேற வருபவர் என்றே முதலில் கொள்ள வேண்டும். அவ்வாறன்று என்று மெய்ப்பிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குக்கூட நிரபராதி என்னும் தொடக்க அனுமானம் உண்டு. படிக்கப் போகிறவருக்கு அதற்கு நேர்மாறான அனுமானம். தாயகத்தில் தான் கைவிட எண்ணாத வாழிடம் ஒன்று உண்டு என்று அவள் காட்ட வேண்டும். எதைக் கொண்டு காட்டுவாள்? சொத்துப் பத்திரம், சம்பளச் சான்று, வங்கி இருப்பு ஆகியவைதாம் வேர்கள் என்று கருதப்படும் இடத்தில், முன்னோர் நிலத்துக்குப் பட்டா இல்லாத வீட்டுப்பிள்ளைக்கு வேரே இல்லை என்றாகிவிடும். மே மாதத் திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயிலில் கூடும் ஊரும் உறவும் எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை. நகரத்தில் இரண்டு வீடு வைத்திருப்பவரின் மகனுக்கு வேர் ஆழம்; தலைமுறைகளாக ஒரே மலையில் வாழ்பவளுக்கு வேர் இல்லை! இதைவிடக் கொடிய வேடிக்கை உண்டா?

மறுக்கப்பட்டால்? ஒரு தாள் கிடைக்கும். அதில் பிரிவின் எண் இருக்கும். அவளுடைய கதையில் எது குறை என்பது இருக்காது. மேல்முறையீடு கிடையாது. மறுப்புகளை மேலலுவலர் பார்வையிட வேண்டும் என்று விதி உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பார்வை உள்ளறையில் நிகழ்வது. விண்ணப்பதாரர் அங்கே பேச முடியாது. அங்கே என்ன பேசப்பட்டது என்று அறியவும் முடியாது. துணைத்தூதரக அலுவலரின் விசா முடிவை நீதிமன்றங்கள் பொதுவாக ஆராய்வதில்லை என்னும் கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் மீண்டும் உறுதிசெய்தது. எஞ்சும் வழி, கட்டணத்தை மறுபடி கட்டுவது. 2023 ஜூனில் 185 டாலராக உயர்ந்த அக்கட்டணம், மறுத்தாலும் திரும்பாது. ஆஸ்திரேலியாவோ மாணவர் விசாக் கட்டணத்தை 2024 ஜூலையில் 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1600ஆகவும், அடுத்த ஆண்டே 2000ஆகவும் உயர்த்தியது. 'மறுபடி விண்ணப்பி' என்னும் உலகியல் ஞானத்தின் விலை இது. காரணம் சொல்லாமல் மறுபடி வரச் சொல்வது, பிழை எதுவென்று காட்டாமல் தேர்வை மட்டும் மீண்டும் எழுதச் சொல்லிக் கட்டணம் வாங்கும் ஆசிரியரின் செயல்.

பிரிட்டனில் நிலைமை ஒருகாலத்தில் வேறாக இருந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் குடிவரவு மறுப்புகளுக்கு எதிராக முறையீட்டு அமைப்பை ஏற்படுத்தியது. பின்வந்த சட்டங்கள் அதை ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்த்தன. 1993இல் குறுகிய காலப் படிப்புக்கு வருவோரின் உரிமை போயிற்று. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற மாணவர்களின் உரிமையைக் குறுக்க வழி வகுத்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் பணியை முடித்தது. மிஞ்சியிருப்பது 'நிர்வாகச் சீராய்வு'. 80 பவுண்டு கட்டி, மறுத்த அதே துறையிடம் 'மறுபடி பாருங்கள்' என்று கேட்பது. புதிய சான்று எதையும் பொதுவாக ஏற்கமாட்டார்கள்.

முறையீட்டு வாயில் அடைபடும்போது என்ன நேரும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. அதே பிரிட்டனில் நடந்தது கண்முன் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி, விசாவுக்கான 'டோயிக்' ஆங்கிலத் தேர்வில் சில மையங்களில் ஆள்மாறாட்டம் நடப்பதை வெளிப்படுத்தியது. மோசடி நடந்தது உண்மை. அரசு, தேர்வை நடத்திய இ.டி.எஸ். நிறுவனத்திடமே சரிபார்க்கச் சொன்னது. 2011 முதல் 2014 வரை அங்கே எழுதப்பட்ட 58,000க்கும் மேற்பட்ட தேர்வுகளில் நூற்றுக்கு 97ஐ அந்நிறுவனம் ஐயத்துக்குரியவை என்றது. அச்சொல்லை நம்பி, தென்னாசிய மாணவர் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோரின் விசாக்கள் மறுக்கப்பட்டன; இரத்தாயின. பலரிடம், முறையிட வேண்டுமானால் முதலில் நாட்டைவிட்டு வெளியேறு, அங்கிருந்து முறையிடு என்றார்கள். படிப்பும் பணமும் பெயரும் போன பின், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து, தன் குரல் தன் குரல்தான் என்று மெய்ப்பிக்க வேண்டும்!

அவ்வகை வழக்குகளில் வெளிநாட்டிலிருந்து முறையிடும் உரிமை போதிய பரிகாரமாகாது என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2019 மே மாதம் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அந்நிறுவனத்தின் முடிவுகளைச் சரிபார்க்கும் நிபுணத்துவம் உள்துறையிடம் இல்லை என்றும், குற்றமற்ற சிலரும் குற்றம் சாட்டப்பட்டிருக்கக்கூடும் என்றும் கூறியது. அதற்குள் அத்தேர்வெழுதியோருள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் போயிருந்தனர். ஒருவாறு நடுவர் மன்றத்தை எட்ட முடிந்தவர்களுள் ஆயிரக்கணக்கானோர் வென்றனர். அரசு காட்டிய சான்று விண்ணப்பதாரர் பதில் சொல்லியாக வேண்டிய அளவுக்கு வலுவானதே என்று 2022இல் ஒரு மேல்தீர்ப்பும் வந்தது; அதையும் மறைக்கவில்லை. ஆயினும் பதில் சொல்ல வேண்டும் என்றால் பதிலைக் கேட்க ஆள் வேண்டுமே. குற்றவாளியையும் குற்றமற்றவரையும் பிரித்துக்காட்டியது, அரசு அடைக்க விரும்பிய அந்த வாயில்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இக்கதை எங்கோ கேட்டதுபோல் இருக்கும். கோவலன் கொலையுண்டது எதனால்? அரண்மனைப் பொற்கொல்லன் ஒருவன் சொன்னான். அரசன் ஆராயாமல் நம்பினான். சிலம்பு காணாமற்போனது உண்மை. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒட்டவைத்த சொல் மட்டும் பொய். மோசடி நடந்தது, நீயும் அங்கே தேர்வெழுதினாய், ஆகவே நீயும் திருடன் என்னும் வாதத்தின் கட்டுமானம் இதுவேதான்.

ஆனால் சிலப்பதிகாரம் அத்தோடு நிற்கவில்லை. கண்ணகி வாயிலுக்கு வருகிறாள். வாயிலோன் அஞ்சினாலும் உள்ளே சென்று அரசனிடம் அறிவிக்கிறான். தானே தீர்ப்புச் சொல்லவில்லை. அரசன் அவளை வரவழைத்துக் கேட்கிறான். அவள் தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் என்கிறாள். அவன் தன் அரசியின் சிலம்பின் உள்ளீடு முத்து என்கிறான். சிலம்பு உடைக்கப்படுகிறது. சான்று பேசுகிறது. அவள் அந்த ஊரின் குடியல்லள். புகாரிலிருந்து வந்த அயலாள். 'எங்கள் நாட்டவள் அல்லாத உனக்கு என்னைக் கேட்க என்ன உரிமை' என்று பாண்டியன் சொல்லவில்லை. அவன் செய்த பிழை ஆராயாமல் தண்டித்தது. அவனைக் காவிய மாந்தனாக்கியது, அயலாளின் முறையீட்டைச் செவிமடுத்ததும், பிழையெனக் கண்டதும் தன் உயிரையே விட்டதும். இன்றைய விசா முறையில் பொற்கொல்லர் உண்டு, வாயிலோன் உண்டு. அரசவை மட்டும் இல்லை. வாயிலோனே தீர்ப்பெழுதி, கதவையும் சாத்திக்கொள்கிறான்.

நிற்க. இனி மறுப்புரைகளைப் பார்ப்போம்.

'குடிமக்களல்லாதவருக்கு நுழையும் உரிமை இல்லை. உரிமை இல்லாத இடத்தில் முறையீடு எதற்கு?' என்பர் சட்டம் அறிந்தோர். நுழையும் உரிமை இல்லாதிருக்கலாம். விண்ணப்பத்தை நேர்மையாகப் பரிசீலிக்கிறேன் என்று சொல்லிக் கட்டணம் வாங்கியபோதே வேறொரு கடமை பிறந்துவிடுகிறது. நம் நாட்டின் வரலாறே இதற்குப் பாடம். பாஸ்போர்ட்டும் ஒருகாலத்தில் அரசு விரும்பினால் தரும் சலுகையாகவே இருந்தது. சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அயல்நாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. அதன் விளைவாக அதே ஆண்டு வந்த பாஸ்போர்ட் சட்டம், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பதியவும், மேல்முறையீட்டுக்கும் வகை செய்தது. மத்திய அரசே நேரடியாக இடும் ஆணைக்கு முறையீடு இல்லை என்ற ஓட்டை அதில் உண்டு. அந்த ஓட்டையின் வழியேதான் 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் கைப்பற்றப்பட்டது; பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல இயலாது என்றது அரசு. 1978 ஜனவரி 25 அன்று வந்த தீர்ப்பு, சட்டம் வகுக்கும் நடைமுறை நியாயமானதாக இருந்தாக வேண்டும், பாதிக்கப்படுபவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்று நிலைநாட்டியது. அதனால் அரசு கவிழ்ந்துவிடவில்லை. பாஸ்போர்ட் அலுவலகங்கள் மூடப்பட்டுவிடவுமில்லை. சலுகை என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கும் காரணமும் செவியும் உண்டு என்றாயிற்று, அவ்வளவே.

'இலட்சக்கணக்கான விண்ணப்பங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத முடியுமா?' என்பது அடுத்த வினா. முடியும் என்று கனடா காட்டத் தொடங்கியுள்ளது. அங்கும் மாணவர் அனுமதி மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை. ஆனால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சீராய்வு கோரலாம். வெளிநாட்டிலிருந்து 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றம் முதலில் இசைவு தர வேண்டும். அச்சுவார்த்த வாசகங்களால் ஆன மறுப்புகள் பலவற்றை அந்நீதிமன்றம் நியாயமற்றவை என்று தள்ளியிருக்கிறது. 2024 அக்டோபர் முதல் மாணவர் வழக்குகளுக்கென்றே எளிய நடைமுறை ஒன்றைச் சோதனையாக நடத்துகிறது. 2025 ஜூலை இறுதியிலிருந்து சிலவகை மறுப்புக் கடிதங்களோடு அலுவலரின் குறிப்பையும் இணைத்து அனுப்புகிறார்கள். வென்றாலும் கிடைப்பது விசா அன்று, வேறோர் அலுவலரின் மறுபரிசீலனைதான். அதற்குள் கல்வியாண்டு கடந்துபோகவும் கூடும். குறை நிறைந்த ஏற்பாடுதான். ஆயினும் காரணம் சொல்வது இயலாத காரியம் என்னும் சாக்கு அதோடு செத்தது.

'போலிச் சான்றிதழ்களோடு வருவோரும் அவர்களை அனுப்பும் முகவர்களும் மலிந்துவிட்டார்களே?' இதை நாங்கள் மறுக்கவில்லை. 2023இல் கனடாவில், முகவர் தந்த போலிச் சேர்க்கைக் கடிதங்களால் இந்திய மாணவர் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தனர். அவர்களுள் ஏமாற்றியவர் யார், ஏமாந்தவர் யார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராயக் குழு அமைத்தார்கள். கேட்டால்தான் தெரியும்; கேளாமல் எல்லாரையும் ஒரே கோணியில் கட்டுவது முகவருக்குத்தான் ஆதாயம். காரணம் அறியாத மாணவர் அடுத்தமுறை ஓடுவது அதே முகவரிடம்தான். 'நான் சரிசெய்து தருகிறேன்' என்று அவன் விற்பது அந்த அறியாமையைத்தான்.

இவ்வளவும் பிறரை நோக்கிச் சொல்லிவிட்டு நம் வாயிலைப் பாராதிருப்பது அறமாகாது. 2025ஆம் ஆண்டின் நம்முடைய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், நுழைவு குறித்துக் குடிவரவு அலுவலர் எடுக்கும் முடிவே இறுதியானது என்கிறது. தாமோதரம்பிள்ளை இன்று யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வர விரும்பினால் அவருக்கும் விசா வேண்டும். அது மறுக்கப்பட்டால் அவரும் காரணம் அறியாமல் கப்பலேற வேண்டியவர்தாம். அமெரிக்கச் சாளரத்தின் முன் நமக்கு எது அநீதியோ, நம் சாளரத்தின் முன் நிற்கும் இலங்கை மாணவருக்கும் ஆப்பிரிக்க மாணவருக்கும் அது அநீதியே. நம் கோரிக்கைக்கு எடை வேண்டுமானால் முதலில் நம் வாயிலில் ஒரு மணியைக் கட்ட வேண்டும்.

ஆகவே நாங்கள் சொல்வது இது. மறுப்புத் தாளில் சட்டப்பிரிவின் எண்ணோடு, இந்த விண்ணப்பத்தில் இன்னது குறை என்று இரண்டு வரியாவது இருக்க வேண்டும். மறுத்தவரல்லாத அலுவலர் ஒருவர், கல்வியாண்டு தொடங்குமுன், விடுபட்ட சான்றையும் ஏற்றுப் பார்க்க வேண்டும். பிழை அலுவலருடையது என்று தெரிந்தால் கட்டணம் திரும்ப வேண்டும். நம் மத்திய அரசு, தான் தேர்ந்தெடுத்து உதவித்தொகை தந்த இருபது பழங்குடி மாணவருக்காகவேனும் தூதரக வழியில் வாதாட வேண்டும். தன் முத்திரையிட்ட கடிதத்தை ஒரு சாளரம் சில நிமிடங்களில் புறந்தள்ளும்போது வாளாவிருப்பது அதற்கும் இழுக்கு. தமிழக அரசு மாவட்டந்தோறும் நடக்கும் சட்ட உதவி மையங்களில் இவ்வழக்குகளை அறிந்த ஒருவரை அமர்த்தலாம். மாணவர்களுக்கும் ஒரு சொல்: நேர்காணலில் கேட்டதையும் சொன்னதையும் அன்றே எழுதி வையுங்கள். முந்தைய மறுப்பை அடுத்த விண்ணப்பத்தில் ஒருபோதும் மறைக்காதீர்கள். மறுப்பைவிட மறைப்பே பெருந்தடையாகும். கனடா போன்று சீராய்வுக்கு இடமுள்ள நாட்டில் நாட்கெடு தவறுமுன் வழக்கறிஞரைக் காணுங்கள்.

சேர்வராயன் மலையின் மலையாளிகளிடையே ஒரு மரபுக்கதை உண்டு. காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவருள் மூத்தவர் இம்மலையிலும், மற்றவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்களாம். தம் முன்னோர் வந்து குடியேறியவர்கள் என்பதை அம்மக்கள் மறைப்பதில்லை, பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த வழியில் வந்த மாணவி ஒருத்தி 'திரும்பி வருவாயா' என்ற வினாவுக்குத் தன் சொல்லில் பதில் தர விரும்பினால், அதை முழுதாகக் கேட்டு முடிக்க ஒருவர் இருக்க வேண்டும். அதன்பின் மறுப்பதானால் மறுக்கட்டும். ஏன் என்று எழுதிக் கையெழுத்திட்டு மறுக்கட்டும்.